முத்தியால்பேட்டைக் கொட்டகையும் என் பதினான்கு பக்கங்களும்

வெளிநாட்டுப் பயணம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய்த்தது புதுச்சேரி ஒன்றுதான். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தாலும், காகிதத்தில் அந்த ஊர் இன்னும் பிரான்சுக்குத்தான் சொந்தம் என்று எங்கள் கல்லூரியில் சரித்திரம் நடத்திய அம்மாள் அடித்துச் சொன்னார். அந்தத் தைரியத்தில் ஒரு வாரமாகத் திருச்சியில் பார்த்தவர்களிடமெல்லாம் "ஃபாரின் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் நம்பவில்லை. என் அம்மா மட்டும் நம்பி, வழிக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கட்டிக் கொடுத்தாள்.

நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் தத்துவம் போதித்து வந்தேன். அந்த வருஷம் ஒரு மாதப் பத்திரிகையில் சினிமாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். வாதம் இதுதான்: கயிற்றைப் பாம்பென்று எண்ணிப் பயந்தவன் விளக்கு வந்ததும் தெளிந்துவிடுகிறான். சினிமா பார்க்கிறவனோ திரையில் ஆடுவது நிழல் என்று தெரிந்த பின்னும் அழுகிறான். ஆகையால் அவன் அறியாமை இரண்டு மடங்கு. பதினான்கு பக்கம். சமஸ்கிருத மேற்கோள்கூட உண்டு. அதைப் படித்துவிட்டுப் புதுச்சேரியிலிருந்து முசியே சவரிராயன் என்பவர் கடிதம் போட்டிருந்தார். பள்ளிக்கூடங்களை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கள் வாசகசாலையில் சனிக்கிழமை வந்து அந்தக் கட்டுரையை வாசிக்க வேண்டும், வீட்டிலேயே தங்கலாம், மனைவியும் உடன் இருக்கிறார் என்று எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். முசியே சவரிராயன் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் புஸ்புஸ் என்கிற தள்ளுவண்டி ஏற்பாடு செய்திருந்தார். திருச்சியில் ரிக்‌ஷாக்காரர் முன்னால் இழுப்பார். இங்கே அவர் பின்னால் நின்று தள்ளுகிறார். முன்னால் நாற்காலியில் உட்காருகிறவர் கையில் ஒரு நீளக் கம்பி. வண்டியைத் திருப்பும் பொறுப்பு அவருடையது. பணமும் கொடுத்து, வண்டியும் நாமே ஓட்ட வேண்டும் என்பது எனக்குப் புதிது.

முசியே பக்கத்தில் சைக்கிளில் வந்தபடி "ஆ கோஷ், ஆ கோஷ்" என்றார். பிறகு "ஆ த்ருவாத்" என்றார். இவற்றில் எது இடது, எது வலது என்று எனக்குத் தெரியாது. கேட்க வெட்கமாக இருந்தது. முகத்தில் புரிந்த பாவனையை வைத்துக்கொண்டு, நேராகப் போய்த் தென்னம் ஓலை அடுக்கியிருந்த ஒரு குவியலுக்குள் புகுந்தேன். கைப்பெட்டி சாக்கடையில் விழுந்தது. கட்டுரை நல்லவேளையாக மடியில் இருந்தது.

பின்னாலிருந்து தள்ளியவர் முன்னால் வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க எந்தப் பக்கம் திருப்புனாலும் நான் தள்ளத்தாம்மா போறேன். பாத்துத் திருப்புங்க" என்றார். இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவைப் பற்றி இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் சொன்னதில்லை.

முசியேவின் வீடு முத்தியால்பேட்டையின் வடக்குக் கோடியில், பிள்ளைச்சாவடிக்குப் போகும் சாலையை ஒட்டி இருந்தது. அவர் மனைவி மதாம் மர்கரீத், பருத்த உடம்பும் சன்னமான குரலும் உள்ளவர். நான் சைவம் என்று கேள்விப்பட்டுத் தனிப் பாத்திரம் வாங்கி வைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் ஆளுக்கு நான்கு கரண்டி, இரண்டு கத்தி. நான் எதை எடுத்தாலும் முசியே கனிவோடு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். தப்பானதை எடுத்திருக்கிறேன் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில் மதாம், "கையால சாப்புடுங்க மத்மசேல். அந்தக் கரண்டியெல்லாம் இவருக்குத்தான். எனக்கே எது எதுக்குன்னு இன்னும் தெரியாது" என்றார்.

காய்கறி சூப்பு முடிந்ததும் முசியே என்னை அழைத்த காரியத்தை விளக்கினார். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், தென்னந்தோப்பில் ஒரு சினிமாக் கொட்டகை இருக்கிறது. அதன் லைசென்ஸ் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கக் கூடாது என்று அவர் மேரிக்கு மனுப் போட்டிருக்கிறார். மேரி என்பது யாரோ ஓர் அம்மாள் என்று நினைத்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். நகரசபைக்கு அந்த ஊரில் மேரி என்று பெயராம். லைசென்ஸ் பார்க்கும் அதிகாரி சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"ஒங்க கட்டுரைய ரெண்டு மாசம் ஒக்காந்து பிரெஞ்சில எழுதி மனுவோட வெச்சிருக்கேன்" என்றார் முசியே. தாள்களை எடுத்துக் காட்டினார். அழகான சாய்ந்த கையெழுத்தில் இருபத்திரண்டு பக்கம். பிரெஞ்சில் நான் இன்னும் விரிவாக யோசித்திருப்பேன் போலிருக்கிறது.

ஒரு கொட்டகையை மூடுவதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். தத்துவம் படித்து ஒரு காரியமும் ஆகாது என்று என் தம்பி சொல்லிக்கொண்டிருப்பான். அவன் இங்கே இருந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் காப்பி கிண்ணத்தில் வந்தது. எங்கள் வீட்டில் அந்த அளவுக் கிண்ணத்தில் ரசம்தான் வைப்போம். முழ நீள ரொட்டியைக் கிள்ளி அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். நான் தோய்த்த துண்டு கிண்ணத்தின் அடிக்குப் போய்விட்டது. அதைத் தேடிக்கொண்டிருந்தபோது மதாம் கேட்டார்: "கடைசியா நீங்க பாத்த படம் எது மத்மசேல்?"

முசியே சர்ச்சுக்குப் போயிருந்தார். நான் ரொட்டியைத் தேடுவதில் மும்முரமாக இருந்தேன்.

"சரி, மொதல்ல பாத்தது?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. பத்து வயதில் ஒரு புராணப் படத்துக்கு அப்பா அழைத்துப் போனார். அரை மணி நேரத்தில் யாரோ ஒரு நடிகை ஆற்றில் குளித்தாள். அப்பா எங்கள் எல்லோரையும் எழுப்பிக் கூட்டி வந்துவிட்டார். அதற்குப் பிறகு அப்பாவின் தடை எனக்குக் கொள்கை ஆயிற்று. கொள்கை கட்டுரை ஆயிற்று.

மதாம் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட சிரமம் தோள்களில் தெரிந்தது. "அப்ப பதினாலு பக்கமும் அந்த அரை மணி நேரத்தப் பத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். கறுத்து மெலிந்தவள். கையில் என் கட்டுரை வந்த பத்திரிகை. மதாம் அவளைப் பார்த்து, "வா பாக்கியம்" என்றார். பிறகு என்னிடம், "இவங்கதான் கொட்டகைய நடத்துறாங்க. புருஷன் போனப்பறம் இவங்க கையில" என்றார்.

எனக்குக் கிண்ணத்துக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

பாக்கியம் உட்கார மறுத்துவிட்டாள். "சண்டைக்கி வரலம்மா. பக்கத்துவூட்டு வாத்தியார வுட்டு ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன். எல்லாம் வெளங்கிச்சி. ஒண்ணே ஒண்ணு வெளங்கல. அதக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"கேளுங்கள்" என்றேன். வகுப்பில் பேசுகிற தமிழ் தானாக வந்தது.

"கயித்தப் பாம்புன்னு நெனச்சவன் வெளக்கு வந்தா தெளிஞ்சிடறான்னு எழுதியிருக்கீங்க. சரி. படம் பாக்குறவன் வெளக்கு வந்த பெறவும் அழுவுறான்னும் எழுதியிருக்கீங்க. அதுவும் சரி. நாந்தான் வெளக்கப் போடுறவ, தெனம் பாக்குறேன். ஆனா வெளக்கு வந்தும் அழுவுறான்னா, அவன் பாம்புன்னு நெனச்சி அழுவலன்னுதான ஆவுது? தெரிஞ்சே அழுவுறவன் எப்படிம்மா ஏமாந்தவனாவான்?"

பன்னிரண்டு வருஷமாகத் தத்துவம் நடத்துகிறேன். ஒரு மாணவிகூட இந்த இடத்தில் கை தூக்கியதில்லை. பத்திரிகை ஆசிரியரும் தூக்கவில்லை. "அதற்கு வேறு நூல்களைப் பார்க்க வேண்டும்" என்றேன்.

"பாருங்கம்மா" என்றாள் பாக்கியம். "நாளைக்கிக் கூட்டத்துக்குள்ள பாத்துட்டாத் தேவல. லைசென்சு போச்சின்னா ஆறு குடும்பம் வேற வேல தேடணும்."

போகும்போது, சாயங்காலம் வந்து படம் பாருங்கள் என்று கூப்பிட்டாள். நீங்கள் எல்லாப் படமும் பார்ப்பீர்களா என்று ஏதோ பேச வேண்டுமே என்று கேட்டேன். "எனக்குப் படம் புடிக்காதும்மா. தலவலி வரும். நான் சனங்களத்தான் பாத்துக்குனு இருப்பேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் முசியேவிடம் கடற்காற்று வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மதாமும் நானும் கொட்டகைக்குப் போனோம். கொட்டகை கடற்கரைப் பக்கம்தான் என்பதால் அது முழுப் பொய் அல்ல என்று மதாம் எனக்குத் தேறுதல் சொன்னார். ஒலிபெருக்கி தென்னை மரத்தில் கட்டி, நேராக முசியேவின் வீட்டைப் பார்த்து முருகன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. பாக்கியம் டிக்கெட் வேண்டாம் என்றாள். நான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். ஆராய்ச்சிக்கு வருகிறவள் ஓசியில் வரக்கூடாது.

பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்புயரத் தட்டி. பெஞ்சு இருந்தது. ஆனால் மதாம் மணலில்தான் உட்காருவேன் என்றார். எல்லோரும் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தார்கள். முன்னால் இருப்பவள் மேட்டை உயர்த்தினால் பின்னால் இருப்பவளும் உயர்த்த வேண்டும். எனக்கு முன்னால் அஞ்சலை என்கிற மீன்காரம்மாள். கூடையைக் கவிழ்த்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் இரண்டு கையாலும் மணலை வாரிக் குவித்தேன். திருச்சியில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற நிம்மதி இருந்தது.

படத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. கதை சாதாரணம். நகையைத் திருடினாள் என்று ஒரு மருமகள் மேல் பழி விழுகிறது. கைக்குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் துரத்திவிடுகிறார்கள். நான் நோட்டுப் புத்தகம் கொண்டு போயிருந்தேன். முதல் பத்து நிமிஷத்தில், "ஒளி, துணி, இயந்திரம். மற்றதெல்லாம் நம் கற்பனை" என்று எழுதினேன். அதன் பிறகு இருட்டில் எழுத முடியவில்லை. அது ஒரு காரணம்.

நடுவில் படச்சுருள் முறை மாறிவிட்டது. சற்றுமுன் கட்டிலில் உயிரை விட்ட மாமனார், அடுத்த காட்சியில் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். நான் மதாமைப் பார்த்தேன். அஞ்சலை திரும்பி, "அது முந்தியே நடந்தது. இப்பக் கண்டுக்காத. அவரு செத்தது செத்ததுதான்" என்றாள். கொட்டகையில் ஒருவரும் சலசலக்கவில்லை. செத்தவர் வெற்றிலை போட்டு முடிக்கும் வரை மரியாதையாகக் காத்திருந்தார்கள். காலம் என்றால் என்ன என்பது பற்றி என்னிடம் ஆறு புத்தகம் இருக்கிறது. அஞ்சலைக்கு அது எதுவும் தேவைப்படவில்லை.

கடைசிக்குக் கிட்டே, கணவன் வந்து அவளைக் கூப்பிடுகிறான். உண்மை தெரிந்துவிட்டது, வீட்டுக்கு வா என்கிறான். குழந்தை அவன் தோளில் தூங்குகிறது. அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பட்டென்று படம் அறுந்தது.

இருட்டில் ஒரு பேச்சுக் கிளம்பியது. போகணும் என்றாள் ஒருத்தி, புள்ள இருக்குதே. போவக்கூடாது என்றாள் இன்னொருத்தி, நாளைக்கு இன்னொரு நகை காணாமப் போனா? அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. படிச்சவ. போலாமா?"

"போகக்கூடாது" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வரிசை திரும்பியது. "அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் துரத்தினார்கள். இப்போது அவன் கூப்பிட்டால் உடனே போய்விடுவதா? குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும். அவனை நிற்க வைக்கட்டும். நாலு நாள் நிற்கட்டும்."

"அப்படிப் போடு" என்றாள் அஞ்சலை.

அப்போது வெளிச்சம் வந்தது. பாக்கியம் பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றாள். படம் ஒட்டும் வரைக்கும் விளக்கு வைப்பது வழக்கம் போலும். வெளிச்சம் நேரே என் முகத்தில் விழுந்தது. கன்னம் இரண்டும் நனைந்து மோவாய் வரைக்கும் வழிந்திருந்தது. எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. துடைக்கக் கை எடுத்தால் கை முழுக்க மணல்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். வெற்றி பெற்றவள் முகம் எப்படி இருக்குமென்று நான் எதிர்பார்த்தேனோ அப்படி இல்லை அது. "சோடா வேணுமாம்மா?" என்று கேட்டாள். வேண்டும் என்றேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. திரை துணி என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து அழச் சொன்னார்கள் என்றும் தெரியும். ஒரு கணம்கூட அதை மறக்கவில்லை. அப்படியும் அவள் போகக்கூடாது என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். நான் ஏமாறவில்லை. பாக்கியம் சொன்னது சரி. அப்படியானால் அது என்ன? அதற்கு என் பதினான்கு பக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது. ஆறு குடும்பங்களைத் தெருவில் நிறுத்துவதற்கு மட்டும் அதில் போதுமான வார்த்தை இருந்தது. அதுதான் கூசியது.

சனிக்கிழமை வாசகசாலையில் நாற்பது பேர் இருந்தார்கள். பாக்கியம் கடைசி வரிசையில் சுவரோரம் நின்றாள். முசியே என்னை அறிமுகப்படுத்தினார். முதலில் பிரெஞ்சு, பிறகு தமிழ். சினிமா என்னும் மாயையின் வேரை அறிந்தவர் என்றார். அதிகாரி தலையசைத்தார். நான் தாள்களோடு எழுந்தேன். அவற்றை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

"இந்தக் கட்டுரையை எழுதியபோது நான் ஒரு படம்கூட முழுதாகப் பார்த்ததில்லை" என்றேன்.

முன்வரிசையில் யாரோ இருமினார். முசியே புன்னகை மாறாமல் உட்கார்ந்திருந்தார். இது ஏதோ ஒரு பேச்சு உத்தி என்று நம்பினார். பாவம். நான் மேலே சொல்லச் சொல்ல அந்தப் புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. கொட்டகைக்குப் போனதைச் சொன்னேன். செத்தவர் வெற்றிலை போட்டதைச் சொன்னேன். நான் அழுததையும், சண்டைக்கு நின்றதையும் சொன்னேன். "தெரிந்தே அழுகிறவன் எப்படி ஏமாந்தவன் ஆவான் என்று இந்த ஊரில் ஓர் அம்மாள் என்னைக் கேட்டார். பதில் இல்லை. பதில் இல்லாத கட்டுரையை வைத்து ஒரு கொட்டகையை மூட வேண்டாம். மனுவிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

அதிகாரி பிரெஞ்சில் ஏதோ கேட்டார். முசியேதான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. மேசையைப் பார்த்தபடி, "அப்ப இந்தக் கட்டுரைக்கு என்ன மதிப்புன்னு கேக்கறாரு" என்றார்.

"தமிழ் நன்றாக இருக்கும்" என்றேன்.

பின்வரிசையில் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. மனுவைப் புரட்டினார். கட்டுரையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தார். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு புகார்தான் மிஞ்சியது: தினமும் சாயங்காலம் ஒலிபெருக்கி மனுதாரரின் வீட்டுக்குள்ளேயே பாடுகிறது. அதிகாரிக்கு அது பளிச்சென்று புரிந்தது. ஒலிபெருக்கியைக் கடல் பக்கம் திருப்பிக் கட்ட வேண்டும், மற்றபடி லைசென்ஸ் கொடுக்க மேரிக்குத் தடை இல்லை என்றார். ஆத்மா, மாயை, அறியாமை எல்லாம் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்தது. பாக்கியம் சுவரிலிருந்து முதுகை எடுத்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். முதல் ஆட்டத்துக்கு நேரமாகியிருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் முசியே தன் நான்கு கரண்டியையும் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சாப்பாடு முடிகிற நேரத்தில், "பிரெஞ்சில எழுதும்போது அந்த எடத்துல எனக்கே இடறுச்சு" என்றார். "விளக்கு வந்த பெறகும் அழறான், அதனால அறியாமை. அந்த 'அதனால' சரியா வரல. மூணு விதமா எழுதிப் பாத்தேன். நம்ம பிரெஞ்சுதான் போதலன்னு நெனச்சுட்டேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் தப்பைத் தன் தப்பாக எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருக்கிறார் அந்த மனிதர்.

மறுநாள் காலை, ரயிலுக்கு முன்னால் என் பதிப்பாளருக்கு ஒரு கார்டு எழுதித் தபால் பெட்டியில் போட்டேன். என் முதல் புத்தகம் அச்சில் இருந்தது. அதில் முதல் கட்டுரை இதுதான். எடுத்துவிடும்படி கேட்டேன். அவர் திட்டிப் பதில் எழுதினார், எடுத்தும்விட்டார். புத்தகம் அந்த அளவுக்கு மெலிந்து வந்தது. அதைப் பற்றி எழுதிய ஒரே விமர்சகர், ஆசிரியை சினிமாவைத் தொடாதது குறை என்றார்.

ஸ்டேஷனுக்கு முசியேவும் மதாமும் நடந்தே வந்தார்கள். மதாம் ஒரு பொட்டலத்தில் ரொட்டியும் வெல்லமும் வைத்துக் கொடுத்தார். முசியே தொப்பியைக் கழற்றி, என்னிடம் கை குலுக்கினார். கோபம் போய்விட்டதா என்று அந்தக் கையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி புறப்படச் சில நிமிஷம் இருந்தது. அவர் மனைவி பக்கம் குனிந்து, எனக்குப் புரியக்கூடாது என்றோ என்னவோ, மெதுவாகப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். கேட்டுவிட்டு தண்டவாளத்தைப் பார்த்தார்.

மதாம், எனக்குக் கேட்கிற மாதிரி, தமிழிலேயே பதில் சொன்னார்:

"புதங்கிழமை வரைக்கும் அதே படந்தான். கூட்டிக்கினு போறேன். ஆனா நீங்க ஆம்பளைங்க பக்கம் ஒக்காரணும். தட்டிக்கு மேல எட்டிப் பாத்து, அவ போனாளா போனாளான்னு என்னக் கேக்கக்கூடாது."